பம்புசெட் பழுதானால் யார் பொறுப்பு?

(குத்தகை விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



பஞ்சாலையில் ஒரு பெல்ட் தேய்ந்து அறுந்துபோகிறது. அதன் விலையைத் தொழிலாளியின் கூலியில் பிடிக்கலாமா? கூடாது. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இதற்கு ஒரு நெறி வகுத்தது. தன்னிடம் ஒப்படைத்த பொருளைத் தொழிலாளி தன் கவனக்குறைவால் சேதப்படுத்தியிருந்தால்தான் பிடித்தம் செய்யலாம். அதற்கு முன் அவனுடைய சமாதானத்தையும் கேட்க வேண்டும். தேய்மானம் முதலாளியின் கணக்கு.

வயலுக்கு வாருங்கள். கிணறு நிலச்சொந்தக்காரருடையது, மோட்டாரும் அவருடையது, மின் இணைப்பும் அவர் பெயரில். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காயில் எரிந்துவிடுகிறது. "ஓட்டுகிறவன் நீ; நீயே பார்த்துக்கொள்" என்கிறார் அவர். பயிர் காத்திருக்குமா? குத்தகைக்காரர் மனைவியின் தோட்டை அடகு வைத்துக் காயில் கட்டுகிறார். அறுவடை முடிந்ததும் குத்தகை நெல்லில் ஒரு மரக்கால்கூடக் குறைவதில்லை!

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1955-ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடியாளரை வெளியேற்றத்திலிருந்து காக்கிறது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாரத்தை வகுத்தது. அப்போது நன்செய்க்கு மகசூலில் 40 சதவீதம். நீர் இறைத்தும் பாய்ச்ச வேண்டிய நன்செய்க்கு 35 சதவீதம். இறைப்பவன் பாட்டுக்கு ஒரு விலை உண்டு என்று அந்தச் சட்டமே ஒப்புக்கொண்டது. பிற்காலத்தில் வாரம் 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் காயில் கட்டும் செலவு யாருடையது என்று இச்சட்டங்கள் பிரித்து எழுதவில்லை.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தைப் பாருங்கள். சொந்தக்காரர் செய்ய வேண்டிய பழுதை, தெரிவித்த பிறகும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது 108-ஆம் பிரிவு. நல்ல விதி! ஆனால் 117-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? சர்க்கார் தனியாக அறிவித்தாலன்றி, இந்த விதிகள் விவசாயக் குத்தகைக்குப் பொருந்தா என்கிறது. வீட்டுக் கூரைக்குக் கிடைத்த நியாயம் வயல் மோட்டாருக்குக் கிடைக்கவில்லை.

இங்கேதான் கண்ணி இருக்கிறது, தோழர்களே. செலவைக் குத்தகையில் நீங்களாகக் கழித்துக்கொண்டால் அது 'குத்தகைப் பாக்கி' ஆகிவிடும். பாக்கி வைப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படியே வெளியேற்றத்துக்கு ஒரு காரணம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நிலம் கைவிட்டுப் போகும்!

பொறுப்பைப் பிரித்து எழுத முடியாதா? முடியும். இங்கிலாந்தில் 1948-லேயே விதி செய்தார்கள். பண்ணைக் கட்டடங்களின் கூரையும் பிரதான சுவர்களும் சொந்தக்காரர் பாடு. வேலியும் வாய்க்காலும் சீராக வைப்பது குத்தகைக்காரர் பாடு.

நாமும் பிரிக்கலாம். நாம் நிலத்தை விட்டுப் போனாலும் அங்கேயே நிற்பவை கிணறு, குழாய், மோட்டார், கொட்டகை. இவற்றின் பெரும்பழுது சொந்தக்காரருடையது. அன்றாடப் பராமரிப்பு நம்முடையது: கிரீஸ் போடுவது, வாஷர் மாற்றுவது, வாய்க்கால் தூர் எடுப்பது. தண்ணீர் இல்லாமல் மோட்டாரை வெறுமனே ஓடவிட்டு எரித்தால் அதுவும் நம் பொறுப்பே; அதை மறுக்கக் கூடாது. நாம் வாங்கிப் பொருத்திய பொருளை, போகும்போது எடுத்துச் செல்ல நமக்கு உரிமை வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? குத்தகை பேசும்போதே இவற்றை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழிக் குத்தகையானால், 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயரை ஏற்றுங்கள். பழுது வந்த அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் ஒரு படி நெல்லையும் கழிக்காதீர்கள்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே, இது உங்களுக்கும் சேர்ந்த வழக்கு. மோட்டார் நின்றால் நடவும் இல்லை, களையெடுப்பும் இல்லை, கூலியும் இல்லை.

தனியாகப் போய்க் கேட்டால், "வேண்டுமானால் நிலத்தை விட்டுவிட்டுப் போ" என்பார்கள். ஊரிலுள்ள குத்தகைக்காரர்கள் எல்லோரும் ஒரே வாசகத்தை எழுதி எடுத்துக்கொண்டு சேர்ந்து போய்க் கேட்டால், எத்தனை பேரை அப்படி விரட்ட முடியும்? அடுத்த போகத்துக்கு ஏர் பூட்டுமுன் அந்தக் காகிதம் உங்கள் கையில் இருக்கட்டும்!