வலிக்காத கட்டியையும் காட்ட வேண்டும்

(திருகோணமலை மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அக்காமாரே, தங்கச்சிமாரே, பின்னால் நிற்கும் தோழர்களே,

தோட்டத்தில் இன்னும் கொழுந்து பறிப்பவர்களும், 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களும் ஒன்றாக இருக்கிறோம். சம்பளம் பேசக் கூடினோம். இதுவும் சம்பளத்தோடு சேர்ந்த பேச்சுத்தான்.

இலங்கைப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். தொடக்கத்தில் அந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலியில்லாததால் 'பால் கட்டி', 'சூட்டுக் கட்டி' என்று விட்டுவிடுகிறோம். வெளியே சொல்ல வெட்கம் வேறு. வலி வரும்வரை காத்திருந்தால் நோய் முற்றிவிடும். வேளைக்குக் கண்டால் குணப்படுத்தலாம்.

மாதம் ஒரு தடவை, மாதவிடாய் தொடங்கி ஒரு வாரமளவில், விரல்களைத் தட்டையாக வைத்து மார்பு முழுவதும், அக்குள்வரை தடவிப் பாருங்கள். மாதவிடாய் நின்றவர்கள் சம்பள நாளை வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. கட்டி, தோடம்பழத் தோல்போல் குழி விழுவது, காம்பு புதிதாக உள்ளே இழுபடுவது, காம்பில் இரத்தம் கசிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காட்ட வேண்டும். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஆனால் அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து லயத்து ஆச்சி அல்ல.

எங்கே போவது? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் வெல் வுமன் கிளினிக் 1996 முதல் இருக்கிறது. சிங்களத்தில் சுவநாரி என்பார்கள். முக்கியமாக 35 வயதுப் பெண்களை அழைக்கிறார்கள், மற்றவர்களும் போகலாம். காசு இல்லை. எந்த நாள் என்று உங்கள் மிட்வைப் அம்மாவிடம் கேளுங்கள். சிகிச்சை தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் மஹரகமவிலும் இலவசம். துண்டில் எழுதியது விளங்காவிட்டால் தமிழில் கேளுங்கள். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. கேட்பது நம் உரிமை.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். கிளினிக் போனால் அரைப்பேர், இல்லாவிட்டால் பேரே இல்லை. இங்கே நாட்கூலிக்குப் போகிறவர்களுக்கும் அன்றைய கூலி போய்விடும். அந்த ஒரு நாளுக்குப் பயந்துதான் நம் பெண்கள் மாதக்கணக்கில் பிந்துகிறார்கள். ஆகவே, கிளினிக் அட்டையைக் காட்டினால் முழுப்பேர் என்பதை நமது கோரிக்கையில் சேர்ப்போம். தோழர்களே, அன்றைக்குப் பிள்ளை பார்ப்பதும் சோறாக்குவதும் உங்கள் பொறுப்பு.

35 வயது தாண்டியவர்கள் போகும்முன் மாதர் தலைவியிடம் பெயர் கொடுங்கள். தனியாகப் போக வெட்கமென்றால் பத்துப் பேராகப் போவோம்.