வாங்க ஆள் குறைந்த காலத்தில் வீட்டை விற்பது எப்படி?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போக நம்மில் சிலர் வீட்டை விற்கப் பார்க்கிறீர்கள். "மார்க்கெட் டல்லா இருக்குங்க" என்று தரகர் சொல்வதைக் கேட்டுச் சலித்தும் போயிருப்பீர்கள். மார்க்கெட்டை நாம் மாற்ற முடியாது. வருகிற ஒரே ஆளை நழுவ விடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

நம் ஊரில் வாங்குபவர் யார்? சர்க்கரை ஆலையில் வேலை செய்பவர், கோழிப்பண்ணைக்காரர், லாரித் தொழில் செய்பவர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரூரில் வேலை பார்ப்பவர். முட்டை விலையோ லாரி வாடகையோ இறங்கினால் இவர்கள் வீடு வாங்குவதைத் தள்ளிப் போடுவார்கள். கையில் பணம் இருந்தாலும் காலி மனையைத்தான் முதலில் கேட்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் முன்பணம் கொடுக்கவே தயங்குவார்கள். அதனால் ஆவணிக்கும் தைக்கும் முன்பே தயாராகிவிடுங்கள்.

முதலில் விலை. ஒரு கணக்குப் பாருங்கள். நீங்கள் 40 லட்சம் சொல்கிறீர்கள், வந்தவர் 37 லட்சம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 37 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 2.59 லட்சம். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மாதம் 2,000 பராமரிப்புக் கட்டணம் என்றால் இன்னொரு 24,000. ஓராண்டு காத்திருந்து 40 லட்சத்துக்கே விற்றாலும் கையில் மிஞ்சுவது 20,000-க்கும் குறைவு. இரண்டாவது ஆண்டும் ஓடினால் நஷ்டம்தான். வாடகைக்கு விட்டிருந்தால் மட்டும் காத்திருக்கக் கொஞ்சம் தெம்பு உண்டு.

அடுத்து, வாங்குபவருக்கு ஆகும் மொத்தச் செலவு. 2023 டிசம்பர் முதல், புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். நம்முடையது மறுவிற்பனை. அதற்கு 7-ம் 2-ம் சேர்ந்து 9 சதவீதம். 40 லட்சத்துக்கு 1.2 லட்சம் கூடுதல். வருபவர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் பேரம் பேசுவார். நீங்களும் பதில் வைத்திருங்கள்: கட்டி முடியாத புது வீட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு, நம் வீட்டுக்கு இல்லை. தண்ணீர் எப்படி, பக்கத்து வீட்டார் எப்படி என்று வந்து பார்த்தே வாங்கலாம்.

மூன்றாவது, வழிகாட்டி மதிப்பு. 2024 ஜூலையில் இது திருத்தப்பட்டது. விலை பேசும் முன் பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். விற்கும் விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அந்த மதிப்புக்கே விற்றதாக வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும். 37 லட்சத்துக்கு விற்கிறீர்கள், வழிகாட்டி மதிப்பு 42 லட்சம் என்றால், கைக்கு வராத 5 லட்சத்தையும் சேர்த்து உங்கள் லாபம் கணக்கிடப்படும். அதே 5 லட்சம் வாங்கியவருக்கும் வருமானமாகச் சேரும். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியவர்கள் விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவீதம் கட்டும் வழியையும் பார்க்கலாம். எது குறைவு என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். லாபத்தில் இன்னொரு வீடு வாங்கினால் வரிவிலக்கும் உண்டு.

பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீடு விற்க வாங்கும் முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம்.

நான்காவது, காகிதங்கள். மூலப்பத்திரம், உங்கள் கிரயப்பத்திரம், வில்லங்கச் சான்று, நிலத்தில் பிரிக்கப்படாத பங்கின் அளவு, கட்டட அனுமதி, சொத்துவரி ரசீது, சங்கத்தின் பாக்கியில்லாச் சான்று. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். வாங்குபவர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வருவார். வங்கி வக்கீல் கேட்கும் ஒரு காகிதத்துக்கு ஒரு மாதம் அலைந்தால், அதற்குள் அவர் வேறு வீடு பார்த்துவிடுவார். உங்கள் கடன் முடிந்திருந்தால் 30 நாளில் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும். இது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி.

கடைசியாக, இது விற்பவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். வீடு பார்க்க வருபவர் உங்கள் கதவைத் திறக்கும் முன்பே மாடிப்படியையும் லிஃப்டையும் மொட்டைமாடிக் கசிவையும் பார்த்துவிடுகிறார். ஒரு வீடு அடிமாட்டு விலைக்குப் போனால், அடுத்து விற்பவரிடமும் அந்த விலையைக் காட்டித்தான் பேசுவார்கள். அதனால் பராமரிப்புப் பாக்கியைத் தீர்ப்பதும் நம் வீட்டு விலையைக் காப்பதுதான். ஒரே வீட்டை மூன்று தரகரிடம் மூன்று விலை சொல்லாதீர்கள். விற்பதென்று முடிவு செய்தால் முதலில் சங்கத்தில் சொல்லுங்கள். இங்கேயே வாடகைக்கு இருக்கும் குடும்பமோ, அவர்கள் உறவினரோ வாங்கக்கூடும்.