கிளை இல்லாத தோட்டம்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விடியுமுன் எழுந்து, பால் வெட்டி, எடுத்த பாலை நிறுத்துக் கொடுத்து, வீட்டு வேலைகளையும் முடித்துவிட்டு இங்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே நெடுநேரம் பேசும் எண்ணம் நமக்கு இல்லை. வரும்போது சம்பளச் சீட்டைக் கையோடு கொண்டு வருமாறு முன்னரே கேட்டிருந்தோம். அதன் காரணத்தை இறுதியில் கூறுவோம்.

ஒரு காலத்தில், பெரட்டுக் களத்தில் ஒருவருக்கு வேலை இல்லை என்று சொல்லப்பட்டாலோ, பாலின் எடை குறைத்து எழுதப்பட்டாலோ, அவர் தேடிச் செல்வதற்கு லயத்தில் ஒரு வீடு இருந்தது. அது சங்கக் கிளைச் செயலாளரின் வீடு. அவரும் பால் வெட்டுபவர்தாம். அதே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்தாம். ஆனால் அவரிடம் ஒரு ரசீதுப் புத்தகமும் கூட்டு ஒப்பந்தத்தின் பிரதியும் இருந்தன. மறுநாள் இருவருமாக அலுவலகத்திற்குச் செல்வார்கள். இருவராகச் செல்வதற்கும் ஒருவராகச் செல்வதற்கும் உள்ள வேறுபாட்டை, அலுவலகச் சன்னலுக்கு வெளியே தனியே நின்று பேசியவர்களே நன்கு அறிவர்.

அந்த வீடு எளிதில் கிடைத்ததன்று. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தத்தைப் பற்றி இங்குள்ள மூத்தோர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருக்கக்கூடும். ‘தமிழ் நேசன்’ நாளிதழில் துணையாசிரியராகப் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதில் முன்நின்றார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்பன போன்ற கோரிக்கைகளோடு மற்றொன்றும் அன்று வைக்கப்பட்டது. துரைமார் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. கூலி உயர்வுக் கோரிக்கைகளின் நடுவே சைக்கிள் எப்படி வந்தது என்று இன்றைய இளைஞர்கள் வியக்கலாம். கூலியும் தன்மானமும் ஒரே கணக்கில் எழுதப்பட்ட காலம் அது. நாதன் நாடு கடத்தப்பட்டார், துருப்புகள் வரவழைக்கப்பட்டன, உயிர்களும் பலியாயின.

போருக்குப் பின் எழுந்த அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் 1948இல் தடை செய்யப்பட்டது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார். சங்கம் என்ற சொல்லையே தோட்டத்தில் உரக்கச் சொல்ல மக்கள் அஞ்சிய நாள்கள் அவை. அந்த அச்சம் முற்றும் நீங்கும் முன்பே, 1954இல், ஐந்து சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் பொதுச் செயலாளர் பி. பி. நாராயணன் பிற்காலத்தில் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராகவும் விளங்கினார். பல்லாண்டுகள் இந்நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கமாக இருந்தது, பால்மரக் காட்டில் பிறந்த அந்தச் சங்கமே.

அத்தகைய சங்கம் தளர்ந்தது ஏன்? அது ஒரே நாளில் நேர்ந்ததன்று. 1950ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் போக்குப் பரவியது. துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே அக்காலத்துக் குடும்பங்கள் கலங்கின. உங்கு அசிஸ் அவர்கள் இதனை விரிவாக ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், தொழிலாளர் தம் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கிக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தோடுதான். 1969க்குப் பின், குடியுரிமை பெறாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டுத் தேவைப்பட்டது. பலர் பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டுக் கப்பலேறினர். ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் நகரங்கள் எழுந்தன. இன்றைய புத்ராஜெயா, பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த மண்ணில் அமைந்ததே. எஞ்சிய ரப்பர் நிலத்தின் மிகப் பெரும்பகுதி இன்று சிறுதோட்டக்காரர்களிடம் உள்ளது. ஒரே லயத்தில் முந்நூறு குடும்பங்கள் வாழ்ந்தபோது கிளை அமைப்பது இயல்பாக இருந்தது. குத்தகைக்காரரின் லோரியில் காலையில் வந்து மாலையில் திரும்பும் பத்துப் பேரிடையே கிளை எங்ஙனம் வளரும்?

சங்கத்தின் பக்கம் குறையே இல்லை என்றும் நாம் கூற மாட்டோம். சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்படும் முறை வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தனர். வசதியான முறைதான். ஆனால் சந்தா வாங்கும் பொருட்டு மாதந்தோறும் ஒருவர் வீடு வீடாக வந்து, தாழ்வாரத்தில் அமர்ந்து, குறைகளைக் கேட்டுச் செல்வது அதனால் நின்றுபோயிற்று. பணம் தவறாமல் போய்ச் சேர்ந்தது. செய்தி போய்ச் சேரவில்லை. மற்றொன்று, பால் வெட்டுவோரில் பெண்கள் இத்தனை பேர் இருந்தும், கிளைச் செயற்குழுக்களில் அவர்களைக் காண்பது அரிதாக இருந்தது. இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் இதனை மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

இன்று நாடு முழுவதிலும் சங்க உறுப்பினராக உள்ள தொழிலாளர் பத்தில் ஒருவருக்கும் குறைவே. இதனால் விளைந்தது என்ன என்பதை ஒரு கணக்கைக் கொண்டு பார்ப்போம். ஆள்குறைப்புச் செய்யும்போது கொடுக்க வேண்டிய இழப்பீட்டை 1980ஆம் ஆண்டின் விதிகள் வரையறுத்துள்ளன. ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, ஓர் ஆண்டிற்கு 20 நாள் சம்பளம். இரண்டாண்டு முதல் ஐந்தாண்டுக்குள் என்றால் 15 நாள் சம்பளம். முப்பது ஆண்டு ஒரே தோட்டத்தில் உழைத்தவருக்கு 600 நாள் சம்பளம் சேர வேண்டும். இடையில் அவரைக் குத்தகைக்காரரின் பெயருக்கு மாற்றிவிட்டு, கடைசி நான்கு ஆண்டுகளை மட்டுமே கணக்கில் கொண்டால், அவருக்குக் கிடைப்பது 60 நாள் சம்பளம். மரம் அதே மரம், நிரை அதே நிரை, உளியும் அதே உளி. தோட்டம் கைமாறும்போது, புதிய உடைமையாளர் முன்னைக்குக் குறையாத நிபந்தனைகளில் வேலையைத் தொடரக் கொடுத்தால், பழைய ஆண்டுகளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று அதே விதிகள் கூறுகின்றன. கிளை இருந்த தோட்டத்தில் இந்த மாற்றம் நடக்கும் அன்றே ஒருவர் எழுந்து கேட்டிருப்பார். கிளை இல்லாத தோட்டத்தில் நீட்டிய தாளில் கைந்நாட்டு வைக்கப்படுகிறது. ஆண்டுகள் கழித்துத்தான் இழந்தது தெரிய வருகிறது.

வேலை நீக்கமும் அவ்வாறே. நியாயமின்றி நீக்கப்பட்டவர் மீண்டும் வேலை கேட்டுத் தொழிலுறவு இலாகாவிற்கு 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சங்க உறுப்பினர் அல்லாதவரும் இதனைச் செய்யலாம். ஆயினும் நாம் பல தடவை கண்டது வேறு. நீக்கப்பட்டவர் முதலில் மண்டோரிடம் கெஞ்சுகிறார். பிறகு கோயில் தலைவரிடம் செல்கிறார். அவர் ஓர் அரசியல் பிரமுகரின் பெயரைச் சொல்கிறார். பிரமுகர் வெளியூர் சென்றிருக்கிறார். வந்ததும் பார்க்கலாம் என்கிறார்கள். எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் நடந்துகொள்கின்றனர். அதற்குள் எழுபது நாள்கள் கடந்துவிடுகின்றன.

சம்பளத்தைப் பற்றியும் சிறிது. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் கூலி இல்லை என்ற நிலை மாறி, மாதச் சம்பளம் வேண்டும் என்று சங்கம் பல்லாண்டுகள் போராடியது. இறுதியில் 2013 சனவரியில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அது அப்போது 900 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. எடைக்கு ஏற்பக் கூலி பெறுவோருக்கும் மாத வருமானம் இதற்குக் குறையக் கூடாது. நல்ல சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டம் அடித்தளத்தை மட்டுமே இடும். அதற்கு மேல் எவ்வளவு என்பதைப் பேரம் பேசித்தான் பெற வேண்டும். பேரம் பேசும் உரிமை தனியாளுக்கு ஏட்டளவில் உண்டு; அலுவலகத்தில் இல்லை.

அடுத்த நிரையில் வெட்டுபவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசத்தவராகவோ இருக்கலாம். அவரால்தான் நம் கூலி குறைந்தது என்று கூறுவோர் உளர். அவர் வேலை அனுமதி ஒரே முதலாளியைச் சார்ந்தது. வாய் திறந்தால் ஊர் திரும்ப நேரும் என்று அஞ்சுகிறார். நம் பாட்டனார் கங்காணியிடம் கடன்பட்டு வந்து இறங்கியபோது இருந்த நிலை இதனின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. சங்கத்தில் சேர அவருக்கும் உரிமை உண்டு. அவரைச் சேர்க்காத வரை, குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம், ஒரே தொழிலில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் அமைய வழி திறந்துள்ளது. தூங்கும் தலைமையை எழுப்ப இது உதவலாம். 1954இல் அரும்பாடுபட்டு ஒன்றாக்கிய ஐந்து மறுபடியும் ஐந்தாவதற்கும் உதவலாம். இரண்டில் எது நடக்கும் என்பது உறுப்பினர் வருகையைப் பொறுத்தது.

இனி அந்தச் சம்பளச் சீட்டுகள். கொண்டு வந்தோர் வலப்பக்க மேசைக்கு வாருங்கள். வேலை செய்த நாள்கள், எடை, ஊழியர் சேமநிதி, சொக்சோ, எந்த ஆண்டு வேலையில் சேர்ந்ததாக எழுதியுள்ளது என்ற விவரங்களை வரிசையாகப் பார்ப்போம். சீட்டே கொடுக்கப்படவில்லை என்போர் இடப்பக்கம் அமருங்கள்; அவர்களுடைய பெயர்களை முதலில் எழுதிக்கொள்வோம்.