பெருமாள் கடலாடப் போகும் வழி

கடலூர் மாவட்டம் என்று பேர் இருக்கிறதே தவிர, அதன் மேற்கோரத்தில் இருக்கும் நல்லூருக்குக் கடல்காற்று எட்டாது. விருத்தாசலத்துக்கு மேற்கே, மல்லாட்டைக் கொல்லைகள் சூழ, மணிமுத்தாற்றங்கரையில் வில்வவனேஸ்வரர் கோயிலோடு இருக்கும் ஊர் அது. ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கே பேர் கொடுத்த ஊர். ஆனாலும் பள்ளி விடுமுறை விட்டதும் அங்குள்ள பிள்ளைகள் வீட்டில் கேட்பது ஒரே கேள்விதான்: கடலுக்கு எப்போ போறோம்?

விடிகாலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். கையில் புளிச்சோறு, ஒரு பழைய வேட்டி, மாற்றுத்துணி. வழியைக் கேட்டு அலைய வேண்டாம், ஆறே காட்டிவிடும். நல்லூரைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறு விருத்தாசலத்தைக் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போய்ப் பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. நல்லூரில் பெய்த மழை போகிற பாதை இது. பேருந்தும் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் போகிறது, என்ன, சிதம்பரத்தில் இறங்கி மாற வேண்டும்.

விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை. ஐந்து கோபுரம், ஐந்து தேர், ஐந்து கொடிமரம் என்று எல்லாம் ஐந்தைந்தாக இருக்கும் கோயில். பதினெட்டுப் படி இறங்கிப் பார்க்க வேண்டிய ஆழத்துப் பிள்ளையார். நேயர்கள் எல்லாரும் ஒருமுறையாவது போயிருப்பீர்கள். இந்தத் தடவை பீங்கான் பட்டறைப் பக்கம் போய்ப் பாருங்கள். கூழாகக் கரைத்த வெண்களிமண்ணைப் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உட்சுவரை ஒட்டி மண் கெட்டியாகப் படிகிறது. வேண்டிய கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால், உள்ளே கூடான ஒரு பிள்ளையார் வெளியே வருகிறார். காய வைத்து, மெருகு பூசி, சூளையில் வேக வைத்தால் பளபளவென்று கொலுப்படிக்குத் தயார். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளின் மின்பலகையில் இருந்த வெள்ளை பியூஸ் கட்டைகளும் இப்படிப்பட்ட பட்டறைகளில் பிறந்தவைதான். பீங்கான் தொழிலைச் சொல்லிக்கொடுக்க அரசுக் கல்லூரியே இந்த ஊரில் இருக்கிறது.

இதே மணிமுத்தாற்றில்தான், தேவாரம் பாடிய சுந்தரர் சிவன் கொடுத்த பன்னீராயிரம் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது கதை. ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் சுந்தரர் சும்மா போடவில்லை. அதில் கொஞ்சத்தை மச்சமாக, அதாவது மாதிரித் துண்டாக, வெட்டி மடியில் வைத்துக்கொண்டு, அங்கே கிடைத்த பொன்னோடு உரைத்துப் பார்த்தாராம். மாற்றுக் குறைகிறதா என்று பார்க்கப் பிள்ளையாரே வந்தார். திருவாரூரில் அவருக்கு இன்றைக்கும் மாற்றுரைத்த விநாயகர் என்றுதான் பேர். கடவுளே கொடுத்த பொன்னுக்கும் தரச்சான்று கேட்ட மனிதர்! சரி, கடலுக்குப் போவோம்.

போவதற்கு முன் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு நிமிடம் இறங்கலாம். ஒரு நிமிடம்தான்.

சிதம்பரம் போகும் வழியில், சற்றே விலகி இருக்கிறது ஸ்ரீமுஷ்ணம். மூலவர் பூவராகர், தானாகத் தோன்றிய மூர்த்தி. வைணவர்கள் இப்படிச் சுயம்புவாகக் கொண்டாடும் தலங்கள் எட்டு, அதில் இது ஒன்று. பூமியைக் கடலடியிலிருந்து மீட்டு வந்த பன்றி அவதாரம் என்பதால் பிரம்மாண்டமாக இருப்பார் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு உள்ளே ஒரு வியப்பு காத்திருக்கிறது. சின்ன உருவம், சாளக்கிராமக் கல். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, உடம்பு மேற்கே பார்க்க முகத்தைத் தெற்கே திருப்பி நிற்கிறார். வெளியே நாயக்கர் காலத் தூண்களில் பாயும் குதிரைகளைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் அந்தச் சின்ன உருவம் இன்னும் சின்னதாகத் தெரியும். குளத்துக்கு நித்ய புஷ்கரணி என்று பேர். இரண்யாட்சன் என்ற அசுரனோடு சண்டை போட்டுக் களைத்த வராகத்தின் வியர்வையில் உண்டானதாம்.

பிரசாதம் இன்னும் சுவாரசியம். பன்றி எதை விரும்பித் தோண்டித் தின்னும்? கோரைக்கிழங்கை. அதனால் இந்தக் கோயிலில் கோரைக்கிழங்கை இடித்துச் சர்க்கரையும் நெய்யும் சேர்த்து நைவேத்தியம் செய்கிறார்கள். முஸ்தாபி சூரணம் என்று அதற்குப் பேர். வயலில் களையென்று பிடுங்கி வரப்பில் எறிகிற சங்கதி, இங்கே பெருமாள் சாப்பாடு. லேசான கசப்பும் மண்வாசனையும் இருக்கும், லட்டு மாதிரி இனிக்கும் என்று நினைத்து வாயில் போடாதீர்கள்.

இந்தப் பெருமாளும் நல்லூர்ப் பிள்ளைகளைப் போலவே ஆண்டுக்கொரு முறை கடலுக்குப் போகிறவர். மாசி மகத்துக்கு. அன்றைக்கு விருத்தாசலத்தில் சனங்கள் எல்லாம் மணிமுத்தாற்றில் முழுகும்போது, பக்கத்து ஊர்ப் பெருமாள் கடலில் தீர்த்தவாரிக்காகக் கிழக்கே போயிருப்பார். உற்சவர் பல்லக்கில் ஏறினால் ஒரே மூச்சில் போய்ச் சேர்வதில்லை. வழியூர்களில் மண்டகப்படி. ஒவ்வோர் ஊரும் தன் வாசலில் நிறுத்திப் பூவும் பழமும் கொடுத்துத்தான் அனுப்பும். வயல்வெளி ஊர்கள் முடிந்து மண்ணில் உப்புப் பூக்கத் தொடங்குகிற இடத்தில், பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கிள்ளை.

கிள்ளைக்கருகே தைக்கால் என்ற ஊரில் ஒரு தர்கா. பல்லக்கு அங்கே வரும்போது ஊர் இஸ்லாமியர்கள் திரண்டு வந்து வரவேற்கிறார்கள். பட்டும் மாலையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து பெருமாளுக்குக் கொடுக்கிறார்கள். கோயில் பக்கமிருந்து அவர்களுக்கு மாலை மரியாதை. அந்த மாலை தர்காவுக்குப் போகிறது. அங்கே பாத்தியா ஓதிச் சர்க்கரை கொடுக்கிறார்கள். இரண்டு பக்கத்தாரும் சர்க்கரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டே கடலைப் பார்த்து நடக்கிறார்கள். ஊர்க்காரர்களிடம் இதைப் பற்றி அதிசயமாகக் கேட்டால், அவர்கள் உங்களைத்தான் அதிசயமாகப் பார்ப்பார்கள். வருஷா வருஷம் நடக்கிற வேலை, அவ்வளவுதான். மேடை கிடையாது, ஒற்றுமையைப் பற்றிச் சொற்பொழிவும் கிடையாது.

தீர்த்தவாரி நடக்கிற கடற்கரைக்கு முழுக்குத்துறை என்று பேர். பெருமாள் முழுகி முடித்ததும் கூட்டமும் அலையில் இறங்கும். அப்புறம் வளையல் கடை, பொம்மைக் கடை, ஐஸ் வண்டி, தொலைந்துபோன குழந்தையைத் தேடி ஒலிபெருக்கி. மீனவர் வீடுகளில் அன்றைக்கு உறவுக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கடுமையாக அடித்த கரை இது. பக்கத்தில் எம்.ஜி.ஆர். திட்டு என்ற குடியிருப்பு அழிந்தே போனது. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அடி குறைவு. பிச்சாவரத்துக்கு அதற்கப்புறம் வந்த மரியாதையில் சினிமாவின் பங்கைவிட இதன் பங்கு பெரியது.

பிச்சாவரம் என்றதும் ‘இதயக்கனி’ ஞாபகத்துக்கு வருகிற நேயர்கள் இருப்பீர்கள். 1975-ல் வந்த படம். படகில் போவது எப்படியென்று அதிலேயே பார்த்திருப்பீர்கள், ஆகவே இங்கே இரண்டே விஷயம். ஒன்று, சுரபுன்னையின் காயைப் பாருங்கள். விதை மரத்திலேயே முளைவிட்டு, ஈட்டி போல் நீண்டு தொங்கி, நேராகச் சேற்றில் குத்தி நிற்கிறது. அலை அடித்துக்கொண்டு போவதற்குள் வேர் விட வேண்டுமே. இரண்டு, தில்லை மரத்தைத் தொடாதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான். கிளையை ஒடித்தால் வடிகிற பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படகோட்டி சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பரங்கிப்பேட்டையைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. 1781 ஜூலை முதல் தேதி ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய மண் அது. 1830-களில் கும்பெனியில் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சேலத்து இரும்புத்தாதுவைக் கொண்டுவந்து உருக்க உலை போட்டதும் அங்கேதான். அதை இன்னொரு வாரம் பார்ப்போம்.

புளிச்சோறு காலையிலேயே தீர்ந்துபோயிருக்கும். திரும்பும்போது சிதம்பரத்தில் இறங்கி இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் கேளுங்கள். சுட்ட கத்திரிக்காயும் புளியும் வறுத்து அரைத்த பொடியும் சேர்ந்த கொத்சு. சாம்பார் இருக்கிறது என்று சர்வர் சொன்னால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். கொத்சு இல்லாத கடையாக இருந்தால் எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம், அந்த ஊரில் அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கிளம்புகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. படகு சவாரிக்குப் பிச்சாவரம் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் தண்ணீர் கண்ணைக் கூசவைக்கும். ஆனால் கடல் பார்க்க ஆண்டில் ஒரே ஒருநாள்தான் கிடைக்கும் என்றால், மாசி மகத்தன்று கிள்ளைக்குப் போங்கள். பஞ்சாங்கத்தில் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்; அன்றைக்குச் சிதம்பரத்திலிருந்து வரும் பேருந்துகளில் உட்கார இடம் கிடைக்காது.