பொலநறுவையில் நிற்கும் தமிழ்க் கல்



பொலநறுவைப் புராதன நகர் 1982ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாகப் பதியப்பெற்றது. உல்லாசப் பிரயாணிகள் நானாதிசைகளிலிருந்தும் வருகின்றனர். சென்று காண்பவர் எதைக் கண்டு மீள்கின்றனர்?

தலதா மளுவையில் நிசங்கமல்லனின் 'கல்பொத்த' கிடக்கிறது. 26 அடிக்கு மேற்பட்ட நீளம். சுமார் 25 தொன் எடை. வழிகாட்டி ஒருவர் பயணிகளை அங்கே நிறுத்தி விளக்கினார். பின்னின்று நானும் கேட்டேன். செவ்வையான விளக்கந்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே மளுவையில், அட்டதாகேயின் அருகே, வேறொரு கல் நிமிர்ந்து நிற்கிறது. அதனை ஒருவரும் திரும்பிப் பார்த்திலர். அது தமிழ்!

12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் விஜயபாகு மறைந்த பின்னர், வேளைக்காரப் படையினர் பொறித்த சாசனம் அது. புத்தபிரானின் தந்ததாது இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பைத் தாம் ஏற்றதாக அவர்கள் தமிழிலே எழுதிவைத்தனர். அக்கோயிலுக்குத் தம் பெயரையும் சூட்டினர். இந்நாட்டு வரலாற்றைக் காண வந்தவனுக்கு இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகுமா?

அந்நியரை நோவானேன்? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நம்மவரும் படம் பிடித்துக்கொண்டு அக்கல்லைக் கடந்தே சென்றனர். நான் அழைத்துக் காட்டினேன். ஒரு சிறுமி மட்டும் நின்று எழுத்துக் கூட்டினாள். இரண்டோர் எழுத்தே பிடிபட்டன. எனினும் அவள் நகர மறுத்தாள்.

வழிகாட்டிகளின் பயிற்சியில் இச்சாசனத்தின் பொருள் முழுமையாக இடம்பெற வேண்டும் எனக் கேட்போம். ஆசிரியர்களே, அதன் வாசகம் அச்சில் உண்டு. அடுத்த சுற்றுலாவுக்குப் புறப்படுமுன் அதனை மாணவர் கையிற் கொடுங்கள்.