பத்தாம் வகுப்பு லீவுலயே யோசிக்கணும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கல்விக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு வருஷமும் மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம்ம கல்விக் குழுவைத் தேடி உறுப்பினர்கள் வருவாங்க. "எம் பொண்ணை நர்சிங் சேர்க்கணும், என்ன செய்யணும்?"னு கேப்பாங்க. மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தா சில பிள்ளைங்க நல்ல மார்க்தான் எடுத்திருக்கும். ஆனா படிச்சது காமர்ஸ் குரூப்பா இருக்கும், இல்லேன்னா கணக்கோட கம்ப்யூட்டர் குரூப்பா இருக்கும். அந்த மார்க்கை வச்சு பி.எஸ்சி. நர்சிங் விண்ணப்பம்கூடப் போட முடியாது. பிள்ளை மேல ஒரு குறையும் இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி யாரும் அவங்களுக்குச் சொல்லலை. அதனாலதான் இன்னைக்கு இதைப் பேச வந்திருக்கோம்.

முதல்ல ஒரு விஷயம். நர்சிங்னு நாம ஒரே பேராச் சொல்றோம். படிப்பு பல வகை இருக்கு. பி.எஸ்சி. நர்சிங் என்பது நான்கு வருடப் பட்டப் படிப்பு, எட்டு செமஸ்டர். தமிழ்நாட்டில் இந்தக் கல்லூரிகள் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் நடத்துகின்றன. ஜி.என்.எம். என்பது மூன்று வருட டிப்ளமோ. ஏ.என்.எம். என்பது இரண்டு வருடப் படிப்பு. டிப்ளமோ முடித்தவர்கள் பிறகு இரண்டு வருடம் படித்துப் பட்டமும் வாங்கலாம். வழி ஒண்ணு அடைச்சா இன்னொண்ணு இருக்கு, அதனால யாரும் மனசு விட வேண்டாம்.

குரூப் எடுக்கும்போது

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி. நர்சிங் சேர ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும், கூட ஆங்கிலமும் வேண்டும். பொதுப் பிரிவுக்குக் குறைந்தது 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம். சேரும் வருடத்தின் டிசம்பர் 31-ல் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். இது விண்ணப்பம் போடுறதுக்கான தகுதிதான். அரசுக் கல்லூரியில இடம் கிடைக்க இதைவிட ரொம்ப அதிக மார்க் வேணும்.

பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பயாலஜி கணக்கு குரூப், அல்லது தாவரவியல் விலங்கியல் உள்ள ப்யூர் சயின்ஸ் குரூப், இந்த ரெண்டில் ஒண்ணு எடுக்கணும். பத்தாம் வகுப்பு லீவுல இதை முடிவு பண்ணிடணும். பக்கத்துப் பள்ளியில அந்த குரூப் இல்லேன்னா, எந்தப் பள்ளியில இருக்குன்னு விசாரிங்க. ஒரு பஸ் மாறிப் போற சிரமத்தைப் பார்த்து வேற குரூப்ல போட்டுடாதீங்க.

நீட் எழுதணுமான்னு பல தாய்மார்கள் பயப்படுறாங்க. தமிழ்நாடு அரசு நடத்தும் பி.எஸ்சி. நர்சிங் கலந்தாய்வு 2025 வரை ப்ளஸ் டூ மார்க் அடிப்படையில்தான் நடந்திருக்கு. ராணுவ நர்சிங் கல்லூரி மாதிரி சில இடங்களுக்கு மட்டும் நீட் மார்க் கேட்கிறாங்க. ஒவ்வொரு வருஷமும் மருத்துவக் கல்வி தேர்வுக் குழு விளக்கக் குறிப்பேடு வெளியிடும். அதை முழுசாப் படிச்ச பிறகு விண்ணப்பம் போடுங்க.

காகிதங்கள்

விண்ணப்பம் திறந்திருக்கும் நாட்கள் கொஞ்சம்தான். அந்த நேரத்துல தாலுகா ஆபீஸ் வாசல்ல நிக்கக் கூடாது. சாதிச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் யாரும் பட்டம் படிக்கலேன்னா முதல் பட்டதாரிச் சான்று, இவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கி வையுங்க. நம்ம மாநிலத்தில் இட ஒதுக்கீடு 69 சதவீதம். சாதிச் சான்று கையில இல்லேன்னா நம்ம பிள்ளைக்கு உரிய இடம் கைவிட்டுப் போயிடும். இன்னொன்று, ஆதார்ல ஒரு எழுத்து, மார்க் ஷீட்ல வேற எழுத்து, இனிஷியல் மாறிக் கிடக்கும். பத்தாம் வகுப்புக்கு முன்னாடியே அதைச் சரி பண்ணிடுங்க.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி

இதை எல்லாரும் கவனிச்சுக் கேக்கணும். நம்ம குழு ஒன்றில் ஒரு உறுப்பினர் உள்கடனும் வாங்கி, தோட்டையும் அடகு வச்சு, மகளை டவுன்ல ஒரு இடத்துல சேர்த்தாங்க. வெள்ளை யூனிபார்ம் உண்டு, தொப்பி உண்டு, "நூறு சதவீதம் வேலை"ன்னு நோட்டீசும் உண்டு. ஒரு வருஷம் கழிச்சு ஒரு சர்டிபிகேட் கொடுத்தாங்க. அதை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போனா, "கவுன்சில் பதிவு எண் எங்கே?"ன்னு கேட்டாங்க. அந்த இடத்துக்கு அங்கீகாரமே இல்லை. அந்தப் பொண்ணு இப்போ ஒரு கிளினிக்ல உதவியாளரா இருக்கு. கடன் இன்னும் முடியலை.

தமிழ்நாடு நர்சுகள், மருத்துவத் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் ஒருவர் சட்டப்படி நர்ஸ். அதனால எந்தக் கல்லூரி வாசலுக்குப் போனாலும் மூணு கேள்வி கேளுங்க.

1. இந்தப் படிப்பை முடித்தால் தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?
2. பட்டப் படிப்பு என்றால் எந்தப் பல்கலைக்கழகம்? இந்த வருட அனுமதிக் கடிதம் காட்டுவீர்களா?
3. பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? எத்தனை படுக்கை?

வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். கவுன்சில் இணையதளத்திலும் பல்கலைக்கழக இணையதளத்திலும் கல்லூரிப் பட்டியல் இருக்கும். படிக்கத் தெரிஞ்ச பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. அதுக்கு அப்புறம்தான் பணம். கட்டுற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்க.

செலவுக்கு வழி

கந்து வட்டிக்கோ, வாரக் கடன் கம்பெனிக்கோ போகாதீங்க. அங்கீகாரம் உள்ள கல்லூரின்னா வங்கியில் கல்விக் கடன் கேளுங்க. 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் கல்விக் கடன் திட்ட விதி. படிக்கிற காலத்திலும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கட்டத் தேவையில்லை. ஆனா வட்டி ஓடிக்கிட்டுதான் இருக்கும், அதை மறந்துடாதீங்க. எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்களில் வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கல்வி உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் ப்ளஸ் டூ வரை படித்த பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. சேர்ந்த உடனே கல்லூரி மூலமா இதையெல்லாம் கேளுங்க.

பிள்ளையைத் தயார் பண்ணுங்க

பாடம் முழுக்க ஆங்கிலத்தில்தான். முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல் எல்லாம் வரும். ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் ஒரு பாடமாகவே இருக்கு. தமிழ் மீடியத்தில் படிச்ச பிள்ளை முதல் வருஷம் திணறும். ப்ளஸ் டூ முடிஞ்ச லீவுல உயிரியல் புத்தகத்தை ஆங்கிலத்தில் வாங்கி, தினம் ரெண்டு பக்கம் வாசிக்கச் சொல்லுங்க. உறுப்புகளோட பேரை ஆங்கிலத்தில் எழுதிப் பழகினாலே பாதிப் பயம் போயிடும்.

மனசும் தயாராகணும். ரத்தத்தைப் பார்க்கணும், மலம் சலம் எடுக்கணும், ராத்திரி டூட்டி பார்க்கணும். "வெளி வேலை, ராத்திரி வேலை, கல்யாணத்துக்கு ஆகாது"ன்னு சொல்றவங்க நம்ம ஊர்ல இன்னும் இருக்காங்க. அவங்களும் பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாகிட்டதான் ஓடுறாங்க. வேலூரில் 1946-லேயே நர்சிங் பட்டப் படிப்பு வந்துடுச்சு. நம்ம பொண்ணுங்களுக்கு அந்தக் கதவு புதுசு இல்லை.

குழுக்கள் செய்ய வேண்டியது

அடுத்த குழுக் கூட்டத்தில், உங்க குழுவில் எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பெண் பிள்ளைகளின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. என்ன படிக்க ஆசைன்னு பிள்ளைகிட்டயே கேட்டு, அதையும் பக்கத்துல எழுதுங்க. நர்சிங்னு சொன்ன பிள்ளைகளின் பட்டியலை ஊக்குநர்கள் கூட்டமைப்புக்கு அனுப்பி வையுங்க. குரூப் எடுக்கும் நேரத்தில் கல்விக் குழு உறுப்பினர்கள் அந்தந்த வீட்டுக்கே வந்து பேசுறோம். அங்கீகாரம் பார்க்காமல் நர்சிங் படிப்புக்கு எந்தக் குழுவும் உள்கடன் தருவதில்லை என்று ஒரு தீர்மானமும் போடலாம். கடன் மறுக்கறதுக்காக இதைச் சொல்லலை. நம்ம பணமும் நம்ம பிள்ளையோட வருஷமும் வீணாகாம இருக்கத்தான்.

பட்டியல் வரும்னு எதிர்பார்த்து விடைபெறுகிறோம்.