நாற்பது வயதில் பரீட்சை

(இலஞ்சியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கிற விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். கூட்டத்திற்கு வருகிற வழியில் ஒரு பெரியவர், "இன்றைக்கு எந்தச் சாமியைப் பற்றி ஐயா பேச்சு?" என்று கேட்டார். "சாமியைப் பற்றி இல்லை, எட்டாவது, பத்தாவது பரீட்சையைப் பற்றி" என்றோம். "பிள்ளைகளுக்கா?" என்றார். "பிள்ளைகளுக்கு வாத்தியார் இருக்கிறார்; இது உங்களுக்கு" என்றோம். (சிரிப்பு) அவரும் சிரித்துவிட்டு, "இனிமேல் எங்கே ஐயா! எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

தோழர்களே! அந்தத் 'தலையெழுத்து' என்கிற வார்த்தை சாதாரண வார்த்தையல்ல. நம் ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தி வைத்ததும் அதுதான். வெளியே நின்றவர்களை மறுபடியும் உள்ளே போகவொட்டாமல் தடுப்பதும் அதுதான். மண்டை ஓட்டில் எழுத்து இருப்பதாக நம்புகிற இத்தனை கோடிப் பேரில் ஒருவராவது அதை வாசித்துப் பார்த்ததுண்டா? வாசிக்க முடியாத எழுத்துக்கு அவ்வளவு மரியாதை! வாசிக்கக்கூடிய எழுத்தை வாசி என்றால் மட்டும் 'வயதாகிவிட்டது' என்கிற சமாதானம்! விஜயதசமி அன்று ஐந்து வயதுக் குழந்தையின் விரலைப் பிடித்து நெல்லில் எழுத வைக்கிறோமே, நாற்பது வயது ஆளின் விரலைப் பிடித்து எழுத வைக்க எந்தப் பஞ்சாங்கத்திலாவது ஒரு நாள் குறித்திருக்கிறதா?

இலஞ்சி பள்ளிக்கூடம் இல்லாத ஊரல்ல. சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் இங்கே வந்து படித்துப் போகிறார்கள். அப்படியிருந்தும் இந்தக் கூட்டத்திலே ஐந்தாவதோடு, ஏழாவதோடு நின்றவர்கள் எத்தனை பேர்! எதனால் நின்றீர்கள்? மூளை இல்லாமலா? ஒருவருக்குத் தம்பி தங்கைகளைத் தூக்கிச் சுமக்க ஆளில்லை. ஒருவர் செங்கல் சூளைக்குப் போனார். ஒருவர் குற்றாலத்துச் சீசன் கடையில் மூன்று மாதம் நின்றார்; பிறகு பள்ளிக்கூடம் மறந்துபோயிற்று. தாய்மார்களைக் கேட்டால், வயதுக்கு வந்தவுடன் புத்தகப் பையை வாங்கி வைத்துவிட்டுப் பீடித் தட்டைக் கொடுத்தார்கள் என்று சொல்லுவார்கள். இதிலே பிரமன் எழுதியது எங்கே இருக்கிறது? எல்லாம் வீட்டு வறுமையும், ஊர் வழக்கமும், ஆண்பிள்ளைகள் செய்த ஏற்பாடுமே தவிர வேறில்லை. மனிதர் செய்த ஏற்பாட்டை மனிதர் மாற்றிக் கொள்ளலாம் என்பதுதான் நாம் சொல்ல வந்தது.

சிலர் கேட்கலாம்: "பூணூலைக் கண்டிக்கிறீர்கள், இப்பொழுது சர்டிபிகேட் என்று ஒரு புதுப் பூணூலை மாட்டிக்கொள்ளச் சொல்லுகிறீர்களே" என்று. கேட்க வேண்டிய கேள்விதான். காகிதம் வேறு, அறிவு வேறு என்பது வாஸ்தவம். லாரி, வாடகை வண்டி ஓட்டுகிறவன் எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 8-வது விதி இருந்தது. புளியரை மலைப்பாதையில் இரவெல்லாம் பாரம் ஏற்றிப் போகிறவனுக்குக் கண்ணும் கையும் பிரேக்கும் வேண்டுமா, எட்டாம் வகுப்புப் பூகோளம் வேண்டுமா? ஹரியானாவில் மேவாத் பகுதி ஏழை ஓட்டுநர்களுக்காக அந்த மாகாண சர்க்கார் கேட்டுக்கொண்டதன் பேரில், 2019-இல் மத்திய சர்க்கார் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டது. எடுத்தது நியாயம். தேவையில்லாத இடத்தில் காகிதம் கேட்டால் அதை எதிர்க்கத்தான் வேண்டும்.

ஆனால் பூணூலுக்கும் இதற்கும் ஒரு பேதம் உண்டு. அது பிறப்பினால் வருவது. எவ்வளவு படித்தாலும் உமக்குக் கிடையாது. இது எழுதினால் வருவது. எவன் எழுதினாலும் கொடுத்தாக வேண்டும். நம்மவர்களுக்கு அடைபட்டிருந்த வாசல்களில் திறந்திருக்கிற வாசல் இது. திறந்த வாசலில் நின்றுகொண்டு கதவின் மரம் நல்ல மரமா என்று ஆராய்ச்சி செய்கிற வசதி, தகப்பன் பாட்டன் படித்த வீட்டாருக்கு இருக்கலாம், நமக்கு இல்லை.

காகிதம் இல்லாததால் என்ன நஷ்டம் என்று பாருங்கள். வீடுகளுக்கு மின்சாரக் கம்பி இழுக்கிற ஒரு தோழரை வைத்துக்கொள்வோம். பத்து வருஷ வேலை; எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஆனால் லைசென்ஸ் உள்ள கண்டிராக்டர் பேரில் வேலை நடக்கும். கையெழுத்து அவருடையது, வியர்வை இவருடையது, கூலியில் மிச்சம் யாருடையது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தோழருக்கென்றே சர்க்கார் ஒரு பரீட்சை வைத்திருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று அதற்குப் பெயர். இருபத்தோரு வயது நிரம்பி, ஐந்து வருஷம் அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது நீங்கள் இதுவரை பட்ட பாட்டையே படிப்பாக எடுத்துக்கொள்ளுகிறார்கள்! இப்படி ஒன்று இருப்பதே இந்த வட்டாரத்தில் எத்தனை கம்பியாட்களுக்குத் தெரியும்? எந்தக் கோயிலில் எந்தக் கிழமை எந்தப் பரிகாரம் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிகிறது.

வெளிநாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்தில் வளைகுடா தேசங்களுக்கு ஆள் போகாத தெரு குறைவு. பத்தாவது தேறாதவருக்குப் பாஸ்போர்ட்டில் 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்று குறிப்பு விழும். வேலைக்காக அந்தத் தேசங்கள் உட்பட 18 தேசங்களுக்குப் போவதென்றால், 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி முதலில் அனுமதி வாங்க வேண்டும். ஏமாறக்கூடியவரைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடுதான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அனுமதியை வாங்கித் தருகிறேன் என்று நடுவில் நுழைகிற தரகனுக்கு உங்கள் வீட்டுத் தாலிக்கொடி போகிறதே, அதைச் சொல்லுகிறோம். பத்தாவது தேறினவருக்கு அந்தக் குறிப்பே கிடையாது.

சரி, எப்படி எழுதுவது? பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே தனித்தேர்வராக எட்டாவது எழுதலாம். பன்னிரண்டரை வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றிருக்கிறதே ஒழிய, ஐம்பதைத் தாண்டக்கூடாது என்று இல்லை. (கைதட்டல்) பிறகு பத்தாவது. தமிழ், இங்கிலீஷ், கணக்கு, விஞ்ஞானம், சமூக இயல் என்று ஐந்து பாடம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 35 வந்தால் போதும். ஒரு பாடம் போய்விட்டால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி எழுதினால் சரி. இதிலே பலபேர் தவறி விழுகிற குழி ஒன்று உண்டு: விஞ்ஞானத்துக்குச் செய்முறைப் பயிற்சி இருக்கிறது, அதற்கு முன்னதாகவே பெயர் பதிந்து வகுப்புக்கும் போய்வர வேண்டும். அதைச் செய்யாமல், பரீட்சைக்கு விண்ணப்பம் போடுகிற சமயத்தில் போய் நின்று, இந்த வருஷம் இல்லை என்று திரும்பி வருகிறார்கள்.

இன்னொரு வழி, 1989-இல் தேசியத் திறந்தவெளிப் பள்ளி என்று ஏற்பட்டு இப்பொழுது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்று நடக்கிற மத்திய சர்க்கார் ஸ்தாபனம். அதிலே ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது தடவை எழுத இடமுண்டு. வேலைக்குப் போகிறவர்கள் ஒரு தடவைக்கு ஒரு பாடம், இரண்டு பாடம் என்று எழுதிச் சேர்த்துக் கொள்ளலாம். எழுத்தே தெரியாதவர்களுக்கு, 2022-இல் தொடங்கி 2027 வரைக்கும் என்று வகுக்கப்பட்ட புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே ஏற்பட்டது. தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆண்களுக்கு 40 வயது வரை இடம். பெண்களுக்கோ வயது வரம்பே இல்லை. வெல்டிங், ஒயரிங் போன்ற சில தொழில்களுக்கு எட்டாவது போதும்.

இதைக் கேட்டு, பத்தாவது எழுதினால் நாளைக்கே தாசில்தார் ஆபீசில் நாற்காலி போடுவார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். சர்க்கார் உத்தியோகங்களுக்கு வயது வரம்பு உண்டு. நாற்பதைத் தாண்டினவர்களுக்கு அந்த வழி குறுகலானது. அதை மறைத்துப் பேசி உங்களை உற்சாகப்படுத்துவது, ஜோசியன் செய்கிற வேலை.

ஜோசியனைவிட மோசமானவன் ஒருவன் இருக்கிறான். பத்தாவதும் வேண்டாம், பன்னிரண்டாவதும் வேண்டாம், நேரே பட்டம் வாங்கித் தருகிறேன் என்கிற கமிஷன் ஆசாமி. பத்தும் பன்னிரண்டும் முறையாக முடிக்காமல் திறந்தவெளியில் வாங்கின பட்டம் நம் மாகாண சர்க்கார் வேலைக்குச் செல்லாது என்று 2009-இலேயே உத்தரவாகிவிட்டது. சுப்ரீம் கோர்ட்டும் அதே வருஷம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில், படிப்படியாகப் படிக்காமல் வாங்கின பட்டத்தை ஏற்கவில்லை. பரீட்சைக்குப் போகாமலே மார்க்கு வாங்கித் தருகிறேன் என்பவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவன் கொடுக்கிற காகிதம் ஜெயிலுக்குத்தான் செல்லும்.

இப்பொழுது வெட்கத்துக்கு வருவோம். மகன் வயதுப் பையனோடு பெஞ்சியில் உட்காருவதா என்கிறார்கள். இந்த மலைக்கு அப்புறம் போய்ப் பாருங்கள். ஆலப்புழை ஜில்லாவில் கார்த்தியாயினி அம்மாள் என்பவர், கோயில்களைக் கூட்டிப் பெருக்கி வயிறு வளர்த்தவர், 2018-இல் தம்முடைய 96-ஆம் வயதில் எழுத்தறிவுப் பரீட்சை எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். எத்தனையோ வருஷம் கூட்டின கோயில் அவருக்கு 'அ' கற்றுக் கொடுக்கவில்லை. எழுத்தறிவு மிஷன் கற்றுக் கொடுத்தது. அந்த தேசத்துச் சினிமா நடிகர் இந்திரன்ஸ், தையல்காரராக இருந்து பெயர் எடுத்தவர், பத்தாவது சமநிலைப் பரீட்சை எழுதப் போனார். ஏழாவது தேறாமல் முடியாது என்றார்கள். 'என்னை யார் என்று தெரியுமா?' என்று கேட்காமல், 2024-இல் ஏழாவது எழுதித் தேறினார். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தான். நம்மோடு சேர்ந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் இந்த ஒரு பழக்கத்தையும் கூடவே கொண்டு வந்திருக்கலாம். (சிரிப்பு)

பெரிய தேசங்களையும் பாருங்கள். ருஷியாவில் புரட்சிக்குப் பிறகு, 1919 டிசம்பரில், 8 வயது முதல் 50 வயது வரை எழுத்தறியாத ஒவ்வொருவரும் கற்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். சட்டம் போட்டதோடு நிற்காமல், கற்கப் போகிற தொழிலாளிக்குக் கூலி குறையாமல் வேலையில் இரண்டு மணி நேரம் குறைத்தார்கள். அதுவல்லவா யோக்கியமான சட்டம்! அமெரிக்காவில் 1942-இல், படிப்பை விட்டு யுத்தத்துக்குப் போன சிப்பாய்களுக்காக உயர்தரப் பள்ளிக்குச் சமமான ஒரு பரீட்சை ஏற்படுத்தினார்கள். ஒன்றையொன்று ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த இரண்டு தேசங்களும், வயது வந்தவனும் படிக்கலாம் என்பதிலே மட்டும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. நம் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குத்தான் சந்தேகம்.

தாய்மார்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. நீங்கள் சுற்றுகிற பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலை நிறுத்து வாங்குவதும், தூள் நிறுத்து வாங்குவதும், கட்டு எண்ணிக் கொடுப்பதும், கழிவு என்று ஒதுக்குவதும் கடைக்காரர். பாஸ் புத்தகத்தில் எழுதுகிறவரும் அவரே. உங்கள் உழைப்பின் கணக்கு உங்கள் மடியிலேயே இருக்கிறது. வாசிக்கத் தெரியாததால் அது அவருடைய கணக்காகிவிடுகிறது. வருங்கால வைப்புநிதி எத்தனை மாதம் கட்டியிருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள். அவன் விளையாடப் போயிருந்தால் அன்றைக்கு உங்களுக்குக் கணக்கு இல்லை. பத்தாவது பரீட்சை அப்புறம் இருக்கட்டும். முதல் பாடம் அந்தப் பாஸ் புத்தகமாகவே இருக்கட்டும்.

"எங்கே ஐயா நேரம்?" என்பீர்கள். மலையாளத்தில் கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து சுற்றுவார்கள். ஒருவர் உரக்கப் பத்திரிகை வாசிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். கியூபா தீவில் சுருட்டுத் தொழிலாளிகள் 1865 முதலே இப்படிச் செய்தார்கள். வாசகர்களுக்குக் கூலி முதலாளி கொடுக்கவில்லை. தொழிலாளிகளே தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். அந்த வட்டங்களிலிருந்துதான் சங்கத் தலைவர்களும் கிளம்பினார்கள். நாமும் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருந்தவரல்ல. டீக்கடையில் ஒருவர் வாசிக்கக் கேட்டு, பிறகு அந்தப் பத்திரிகையைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டிப் பழகினவர்தான். ஆகவே இது நடக்கும் என்பதற்குச் சாஸ்திர ஆதாரம் தேட வேண்டியதில்லை.

இந்தக் கூட்டம் முடிந்தவுடன் பெயர் பதிய ஒரு நோட்டு மேஜையில் வைத்திருக்கும். பழைய பள்ளிக்கூடத்து டி.சி. இருப்பவர்கள் எடுத்துத் தேடி வையுங்கள். இல்லாதவர்கள் எந்தப் பள்ளியில், ஏறக்குறைய எந்த வருஷம் என்று மட்டும் சொன்னால், அங்கே போய் ரிஜிஸ்தரைப் பார்த்து வாங்க நம் வாலிபத் தோழர்கள் கூட வருவார்கள். அரசுத் தேர்வு சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பம் பதிகிறவரை அவர்கள் பொறுப்பு. கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்க இரண்டு ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. ஆண்களுக்கு இரவு எட்டு மணிக்குப் படிப்பகத்தில் வகுப்பு. இருட்டினால் பெண்கள் வரச் சௌகரியப்படாது என்று சொன்னதால், அவர்களுக்கு மத்தியானம் இரண்டு மணி முதல் நாலு மணி வரை. பீடித் தட்டைக் கொண்டு வருவதில் ஆட்சேபணை இல்லை. ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்கட்டும். வாசிக்கிறவருடைய பங்குப் பீடியை யார் யார் சுற்றுவது என்பதை மட்டும் முதல் நாளே பேசி முடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாள் சண்டை வரும். (சிரிப்பு, கைதட்டல்)